எடைமேடையில் ஒரு பெயர்

ஸ்ரீவில்லிபுத்தூரில் வங்கி வரிசையில் நிற்கிறேன். கண்ணாடிக்கு அந்தப்புறம் ஒரு கணினி ‘டொங்’ என்கிறது. எதையோ ஏற்க மறுக்கும் மொட்டைச் சத்தம். ராஜபாளையத்து நூல்மில் அலுவலகத்தில் ஒரு பகல் முழுக்க இதைக் கேட்டவன் நான்.

வெளிநாட்டார் நூல் வாங்க வேண்டுமென்றால், மில்லில் எந்தக் கணினியை யார் திறக்கிறார் என்று பாதுகாப்புத் தணிக்கைக்கான மென்பொருளில் காட்டியாக வேண்டும். ஊழியர் பட்டியலையும் பயனர் பட்டியலையும் அதில் ஏற்றுவது என் வேலை. ஒரு வரி பொருந்தாவிட்டாலும் முழுக் கோப்பையும் துப்பிவிடும். காலிக் கட்டங்களை அடைத்தேன், தேதிகளைத் திருப்பிப் போட்டேன். டொங். கடைசியில் அகப்பட்டது: எடைமேடைக் கணினியைத் தினமும் திறக்கிறவர், எப்போதோ இறந்துபோனவர்.

அவர் போன பிறகு அதே நாற்காலியை அவர் மனைவிக்குக் கொடுத்திருந்தார்கள். பயனர் பெயரை மாற்ற மட்டும் யாருக்கும் மனம் வரவில்லை. பஞ்சு லாரிகளை எடைபோட்டு அனுப்பும் அந்த அக்காவிடம் போய்த் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

“புருசன் பேர வாயால சொல்லப்படாதுன்னு வளத்தாவ. இதுலதான் தம்பி, தெனமும் காலைல விரலால கூப்பிட்டுக்கிடுதேன்” என்று சிரித்தார்.

கணவர் இன்னும் வேலையில் இருப்பதாகக் காட்டி நுழைத்துவிடவா என்றேன். முந்தானையால் விசைப்பலகையைத் துடைத்தபடி, “வேண்டாம். பொறவு உங்க வேலைக்கு உலை வச்சிருவாவ. எடுத்துருங்க” என்றார்.

எடுத்தேன். அக்காவின் பெயரைப் போட்டேன். கோப்பு வழுக்கிக்கொண்டு உள்ளே போனது, திரையெல்லாம் பச்சை. “ஏலே, சாதிச்சிட்டியே!” என்று மேனேஜர் கத்த, அலுவலகமே எழுந்து கை தட்டியது. பல்லெல்லாம் தெரிய நின்றேன். அப்போதுதான் பார்த்தேன், வாசலில் அக்கா. புதுப் பெயரில் எப்படித் திறப்பது என்று கேட்க வந்திருந்தார். என் இளிப்பு முகத்தைவிட்டு இறங்க மறுத்தது. கடமைதான், அவரே சொன்னதுதான். இருந்தும் அந்த இளிப்பை எங்கே கொண்டுபோய் ஒளிக்க?

அந்த மாதமே எனக்கு வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டேன். அக்காவின் வீடு இங்கே மடவார் வளாகத்தில்தான். ஊருக்கு வரும்போதெல்லாம் அந்தத் தெருவுக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு போகிறேன்.

கண்ணாடிக்குப் பின்னால் மறுபடியும் டொங். பெயரை எடுத்த அன்று சாயங்காலம் மில் வாசலில் பஸ் வந்து நின்றது. படியில் கால் வைத்த அக்கா என் பக்கம் திரும்பினார். குரலில் கோபமே இல்லை.

“அவிய பேரு போனதுக்கா தம்பி, அம்புட்டுப் பேரும் கை தட்டினாவ?”