தெளிக்காத சதுரம்

மருந்து பலித்தது என்று காட்டுவதற்காகப் பயிரில் கொஞ்சத்தைச் சாகவிடத்தான் வேண்டுமா? அஸ்தாவைப் பார்க்கும்போதெல்லாம் விவசாயி ஸ்வென்னுக்கு இந்தக் கேள்வி எழும். டென்மார்க்கின் ஜட்லாந்து மணல் வயல்களில் இலையைப் பார்த்துப் பயிருக்கு என்ன குறை என்று சொல்வது அஸ்தாவின் தொழில். எதைத் தெளிக்கச் சொன்னாலும் நான்கு மூங்கில் குச்சிகளை நட்டு, "இதுக்குள்ள ஒரு சொட்டு விழக்கூடாது" என்பார். வசந்தத்தில் அந்தச் சதுரம் மட்டும் செத்துக் கிடக்கும். பிறகு யாரும் அவரோடு வாதாடுவதில்லை.

வயலில் மண்டியிட்டதும் உப்பு போட்ட அதிமதுர மிட்டாய் ஒன்றை வாயில் போட்டுக்கொள்வார். அது கரையும்வரை பேச்சில்லை.

அன்றும் அவர் வாயில் மிட்டாய் இன்னும் கரையவில்லை. ஓவேயின் குளிர்கால பார்லி வெளிறிச் சாம்பல் புள்ளியோடு துவண்டிருந்தது.

"இந்த ஸ்வென் அடிச்ச களைக்கொல்லி காத்துல வந்து எரிச்சதுதான். ஊர் பூரா சொல்லிட்டேன். இனி வக்கீல் பேசுவாரு" என்றார் ஓவே.

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுய்யா" என்றார் பக்கத்து வயல்காரரான ஸ்வென்.

மிட்டாய் கரைந்ததும் அஸ்தா நிமிர்ந்தார். "ஓவே, இங்க பாரு. டிராக்டர் டயர் போன தடம் மட்டும் பச்சையா இருக்கு. காத்துல வர்ற மருந்து டயர் தடத்தப் பாத்து ஒதுங்கிப் போகுமா?"

ஓவே பார்த்தார்.

"இறுகின மண்ணுல வேருக்கு மாங்கனீசு சத்து கிடைக்குது. மத்த இடத்துல உன் சுண்ணாம்பு அதைப் பூட்டி வச்சிருக்கு. எவ்வளவு போட்ட?"

"கூடப் போட்டா நல்லதுதானேன்னு..."

"நாளைக்கு உறைபனி. இன்னிக்கே இலைல மாங்கனீசு படணும். இல்லேன்னா இது குளிரைத் தாண்டாது."

ஓவேயின் தெளிப்பான் பட்டறையில் பிரித்துப் போடப்பட்டிருந்தது. ஸ்வென்னுடையது வரப்புக்கு அந்தப் பக்கம் தயாராக நின்றது. இருவரும் அதைப் பார்த்தார்கள். கேட்க ஓவேக்கு வாய் வரவில்லை.

"தெளிக்கிறேன்" என்றார் ஸ்வென் கடைசியில். "ஆனா குச்சிய ரோட்டோரமா நடு அஸ்தா. பெருசா நடு. இவன் என்னைப் பத்திச் சொன்னது பொய்ன்னு போறவன் வர்றவன் எல்லாம் பாக்கட்டும்."

நியாயமான கோரிக்கைதான். அஸ்தா சாலையோரம் குச்சிகளை அடித்தார். நான்காவது குச்சி சாய்ந்தபோது ஓவே குனிந்து, தன் தப்பை ஊருக்குக் காட்டப்போகும் அதை நேராகப் பிடித்துக்கொண்டார்.

வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. ஸ்வென் மாங்கனீசைக் கரைத்து ஏற்றி, வயலின் அந்தக் கோடியிலிருந்து தெளித்துக்கொண்டு வந்தார். சதுரத்தை நெருங்கி, குழாயை மூடக் கை வைத்தபோது, அஸ்தா குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குவது தெரிந்தது.

வண்டியை நிறுத்தினார். "அஸ்தா! அப்போ நான் ஊருக்கு எதைக் காட்டுறது?"

அஸ்தா நான்கையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு, "குச்சியப் பிடிச்சவனே ஊருக்குச் சொல்லுவான்" என்றார். பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு காரை நோக்கி நடந்தார்.