ரஹ்மத் அக்காவின் கத்தியில் ஒரு கோடு

கத்திக்குக் கூர் வைப்பவரை எல்லாருக்கும் தெரியும். அதன் இரண்டு பக்கங்களையும் சமமாகத் தேய்த்து மெருகேற்ற ஓர் ஆள் வேண்டும் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. அந்த ஆள் நான். அரிசியில் கல் பொறுக்குகிறவர்கள், சேலைக்கு ஓரம் அடிக்கிறவர்கள், விடைத்தாளில் மதிப்பெண் கூட்டிச் சரிபார்க்கிறவர்கள் என்று, நன்றாகச் செய்தால் யார் கண்ணிலும் படாத வேலை செய்யும் எல்லாரும் என் கூட்டாளிகள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

டியூப்லைட் சோதனை

என் கணவருக்கு நெய்வேலி நிலக்கரி மைன்ஸில் ஷிஃப்ட் வேலை. ஓய்வு நாள்களில் பக்கத்து மந்தாரக்குப்பத்தில் நண்பரின் பட்டறைக்குப் போய்க் கத்தி செய்வார். குவார்ட்டர்ஸின் பின் வராந்தாவில் உட்கார்ந்து அதைத் தேய்ப்பது என் பங்கு. உப்புத்தாளை ஒரு மரக்கட்டையில் சுற்றி, தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். கட்டை இல்லாமல் விரலால் அழுத்தினால், விரல் பட்ட இடம் குழிந்துவிடும். முதலில் சொரசொரப்பான தாள், பிறகு மென்மையானது, பிறகு அதைவிட மென்மையானது. முதல் தாளைக் குறுக்கே ஓட்டினால் அடுத்ததை நெடுக்கே ஓட்ட வேண்டும். அப்போதுதான் பழைய கோடுகளில் எது மிச்சம் என்று தெரியும். கடைசிக் குறுக்குக் கோடும் மறைந்த பிறகே அடுத்த தாளைத் தொடலாம்.

எல்லாம் முடிந்ததும் கத்தியை டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்துப் பார்ப்பேன். அதில் தெரியும் விளக்கு நேராக இருந்தால் கத்தி சமம். நெளிந்தால் இன்னும் வேலை இருக்கிறது. ஒருநாள் நான் இப்படிக் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு சரோஜாம்மா வேலிக்கு அந்தப் பக்கம் வெகுநேரம் நின்றிருக்கிறார். கடைசியில் சொன்னார்: "பொட்டு சரியாத்தான் இருக்கு செல்வி. கொஞ்சம் கறிவேப்பிலை பறிச்சிக் குடு."

வியாழக்கிழமைக்குள்

ரஹ்மத் அக்கா மந்தாரக்குப்பத்திலிருந்து கல்யாணச் சமையலுக்குப் போகிறவர். அவருடைய அண்ணன் காதர் பாய்தான் எப்போதும் தலைமை. அக்காவுக்கு வெங்காயம் நறுக்குகிற வேலை. ஒருநாள் ஒரு சேதியோடு வந்தார். முதல்முறையாக ஒரு கல்யாண வீட்டார் அக்காவையே தலைமைச் சமையலுக்குக் கேட்டிருந்தார்கள். அந்த வாரம் வெள்ளிக்கிழமை விருந்து. "நானும் வந்து பாக்கறேன். சரியா வரலேன்னா கரண்டிய நான் வாங்கிக்கிறேன்" என்று அண்ணன் சொல்லியிருந்தாராம்.

அவர்கள் சமையல் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. சொந்தக் கத்தியோடு வருகிறவர்தான் சமையல்காரர், மற்றவர்கள் எடுபிடி. அக்கா என் வராந்தாப் படியில் உட்கார்ந்து சொன்னார்: "இத்தினி வருசமா அண்ணன் கத்தியிலயே வெட்டிகினு இருக்கேன். என் கைக்குன்னு ஒண்ணு வேணும் செல்வி, வியாழக்கிழமைக்குள்ள."

கிண்ணத்தில் விழுந்தது

நெய்வேலியில் கொடியில் காய்ந்த துணியை உதறாமல் யாரும் மடிப்பதில்லை. காற்றில் மைன்ஸ் மண்ணும் சாம்பலும் வரும் என்று எங்களுக்குத் தெரியும். அப்படித் துணியை உதறத் தெரிந்த நான், தண்ணீர்க் கிண்ணத்தைத் திறந்தபடி வைத்துவிட்டேன். புதன்கிழமை மாலை, கணவர் அக்காவுக்காகச் செய்துகொடுத்த கத்தியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்; நல்ல காற்று. கடைசித் தாளைத் தண்ணீரில் தொட்டு எடுத்து ஒரு இழுப்பு இழுத்தேன். கர்ரென்றது. கிண்ணத்தில் விழுந்திருந்த மண்துகள் ஒன்று தாளில் ஒட்டிக்கொண்டு, கத்தியின் நடுவே நீளமாக ஒரு கோடு போட்டிருந்தது. நகத்தை வைத்தால் தட்டியது.

அந்த ஆழத்துக்கு முதல் தாளுக்கே திரும்பிப் போக வேண்டும். விட்டுவிடவும் முடியாது, வெங்காயச் சாறு கோட்டில் தங்கினால் துரு அங்கேதான் முதலில் பிடிக்கும். ஷிஃப்ட் முடிந்து வந்த கணவர் கத்தியை வாங்கிப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். "ஒரு கோடுதானே செல்வி. வெங்காயத்துக்கா தெரியப்போவுது?"

பாலும் தண்ணீரும்

வியாழன் மதியம் ரஹ்மத் அக்கா வந்தபோது நான் இன்னும் இரண்டாவது தாளில்தான் இருந்தேன். நடந்ததைச் சொல்லிக் கோட்டைக் காட்டினேன். அக்கா அதை விரலால் தடவினார்.

"போவுமா?"

"போயிடும்க்கா. ஆனா நேரமாவும். அவசரப்பட்டா பக்கம் நெளிஞ்சிடும்."

அவர் அவசரப்படுத்தவில்லை. எழுந்து போய்ச் சமையலறையிலிருந்து ஒரு தட்டு எடுத்து வந்தார். பழைய தண்ணீரைக் கொட்டி, கிண்ணத்தைக் கழுவி, புதுத் தண்ணீர் பிடித்துத் தட்டால் மூடினார். பிறகு கிண்ணத்தை மடியருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் கையை நீட்டும்போது தட்டைத் திறப்பார்; தொட்டு எடுத்ததும் மூடுவார். விளக்கு வைக்கிற நேரத்தில் கோடு மறைந்தது. டியூப்லைட் கத்தியில் நேராக நின்றது. அக்கா தட்டை மூடிவிட்டுக் கேட்டார்: "பால மூடி வைக்கத் தெரியுது, தண்ணிய மூடி வைக்கத் தெரியாதா உனக்கு?"

காதர் பாய் வந்தார்

விருந்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். நான் நேராகச் சமையல் நடக்கிற கொல்லைப்பக்கம் போனேன். வெங்காய மூட்டை பக்கத்தில் காதர் பாய் நின்றிருந்தார். அவருடைய கரண்டி துணியில் சுற்றி அக்குளில் இருந்தது. தங்கையின் கத்தியை வாங்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்தார். அவர் அதில் பார்த்துத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பிறகு கைப்பிடி தங்கை பக்கம் வரும்படி திருப்பி நீட்டினார்.

"வெட்டு, பாப்போம்."

அக்கா வெட்டினார். ஒரு வெங்காயம், இரண்டு, ஐந்து. நிமிர்ந்து பார்க்கவே இல்லை. காதர் பாய் சிறிது நேரம் பார்த்துவிட்டு, சுற்றிய துணியைப் பிரிக்காமலே கரண்டியைத் தன் ஸ்கூட்டர் பெட்டியில் வைத்துப் பூட்டினார். திரும்பி வந்து சொன்னார்: "சோறு ஆனதும் கூப்புடு. நான் இன்னிக்கு விருந்தாளி."

ஒரு மாதம் கழித்து

கூர் வைக்க ரஹ்மத் அக்கா கத்தியைக் கொண்டுவந்தார். வரிசையாக மூன்று கல்யாணம் வந்திருக்கிறதாம். முகமெல்லாம் சிரிப்பு. நான் கத்தியை டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்தேன். விளக்கே தெரியவில்லை. இரண்டு பக்கமும் வட்ட வட்டமாகக் கீறல். அக்கா பெருமையோடு சொன்னார்: "அண்ணன் கத்தி கறுத்துக் கெடக்கு. என்னுத பாரு, தெனமும் கம்பி நார் போட்டுத் தேச்சி எப்பிடி வச்சிருக்கேன்!"

எங்கள் நெய்வேலி நகரியத்தில் பெர்மனென்ட் வேலை கிடைப்பது குதிரைக்கொம்பு என்கிறார்கள். கடைகளில் கம்பி நார் விற்கும் வரைக்கும் எனக்கு அது கிடைத்தாயிற்று.