அக்கரை விருந்து

எல்பே ஆற்றங்கரையில் இருந்த அந்தச் சின்னக் கிராமத்தில் யோகலிங்கம் அண்ணை ஒருவர்தான் தமிழர். அகதி வழக்கு முடியும்வரை அனுமதிக் கடிதம் இல்லாமல் மாவட்ட எல்லையைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். எல்லையோ நடு ஆற்றில் ஓடியது. வீட்டு ஜன்னலில் தெரிந்த அக்கரைத் தேவாலயத்துக்கு அவர் ஒருநாளும் போனதில்லை.

2002 ஆகஸ்டில் பெருவெள்ளம் வந்தது. தீயணைப்புப் படையினர் அவரையும் படகில் ஏற்றி அக்கரைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே வெள்ளத்தை மறிக்கத் தோள் உரிய உரிய மண்மூட்டை சுமந்தார். அப்போது எவனும் அனுமதிக் கடிதம் கேட்கவில்லை.

வெள்ளம் வடிந்தபின், மூட்டை சுமந்தவர்களுக்கு அக்கரையில் நன்றி விருந்து வைத்தார்கள். இவரையும் அழைத்திருந்தார்கள். மனுசன் முறைப்படி மாவட்ட அலுவலகத்துக்குப் போய் அனுமதி கேட்டார். விருந்துக்குப் போவது அவசியமான காரணம் இல்லையாம். மறுத்துவிட்டார்கள்.

விருந்தன்று, தொலைவில் வுப்பர்டால் நகரில் இருந்த நான் அவருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் பேசும்போது பின்னால் அக்கரை வாத்தியச் சத்தம் கேட்டது.

"களவாப் போட்டு வாங்கோவன் அண்ணை. ஆர் பாக்கப்போகினம்?"

"ஏலாது தம்பி," என்றார். "இன்னொருக்கா வெள்ளம் வரட்டும். அப்ப அவையளே ஏத்திக்கொண்டு போவினம்."