வெளியே போனவர்களின் பட்டியல்

ஹாட்லாக் ஊரில் ஓட்டுப் போட வருகிறவர்களை இரண்டு முறை எண்ணுவார்கள். உள்ளே வரும்போது ஒரு முறை, வெளியே போகும்போது ஒரு முறை. இது என்ன ஊர் மன்றமா, கோழிக்கூடா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கேட்டுவிட்டுப் போகட்டும். வந்தவர் கணக்கும், போனவர் கணக்கும், பெட்டியில் விழுந்த சீட்டுகளும் ஒன்றுக்கொன்று சரியாக இருந்தால்தான் அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தின் இந்த மூலையில் ஒருவரை ஒருவர் முகம் கொடுத்துப் பார்ப்பார்கள்.

முன்வாசலில் வந்தவர் பட்டியலோடு ராய்ஸ் ஹப்பர்ட் உட்காருவார். பின்வாசலில் போனவர் பட்டியலோடு ஏவிஸ் கோல்பர்ன். இருபத்திரண்டு வருடமாக அந்த மேசை அவளுடையது. ஒரு சிவப்புப் பென்சில், ஒரு மர ஸ்கேல், ஒரு குடுவை காப்பி. வெளியே போகிறவர் தன் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும், அதைக் கேட்டுத்தான் குறி போட வேண்டும் என்பது சட்டம். ஆனால் ஏவிஸிடம் போய்ப் பெயரைச் சொன்னால் அது அவளை அவமானப்படுத்தியது மாதிரி. யாரும் சொல்ல மாட்டார்கள். அவளும் தலையைத் தூக்க மாட்டாள்.

அவளுக்குக் காலடிச் சத்தமே போதும். முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் அவள். இறங்க வேண்டிய பிள்ளைகள் முதுகுக்குப் பின்னாலிருந்து வருவார்கள். பனி கொட்டும் மலைச் சாலையை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. நடையைக் கேட்டே இன்னார் என்று தெரிந்துகொண்டு வண்டியை நிறுத்துவாள். அந்தப் பிள்ளைகள்தான் வளர்ந்து, தாடி வைத்து, கடனில் டிராக்டர் வாங்கி, இப்போது ஓட்டுப் போட வருகிறார்கள். ஆள் எவ்வளவு பெருத்தாலும் நடை மாறுவதில்லை என்று அவள் சத்தியம் செய்வாள். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்டவர்களிடம், “தினம் ரெண்டு வேளை நாப்பது பிள்ளைங்களச் சுமக்குறேன், இன்னும் என்ன வேணும்?” என்பாள். கொஞ்சம் கடுகடுப்பான பெண். ஆனால் பொய் சொல்லி யாரும் பார்த்ததில்லை.

உண்மையில் அவள் வளர்த்த பிள்ளை ஒன்று உண்டு. தம்பி ஆர்லன். அம்மா இறந்துபோனபோது அவனுக்கு ஒன்பது வயது, இவளுக்குப் பதினைந்து. மர அறுவை ஆலையில் வேலை பார்த்தான். ஒரு கட்டை உருண்டு இடது பாதத்தை நசுக்கியது. அதன் பிறகு அவன் நடந்தால் ஒரு மிதி கேட்கும், அடுத்து ஓர் இழுவை கேட்கும். ஏரிக்கு அக்கரையில் தனிக் குடிசை. சாலை வழியாகப் போனால் ஏழு மைல். குளிர்காலத்தில் உறைந்த ஏரியின் மேல் நேராக நடந்தால் இருபது நிமிடம். அவன் எப்போதும் ஏரி மேல்தான் போவான்.

மூன்று வருடத்துக்கு முன்னால், வருடா வருடம் மார்ச்சில் ஓட்டு நடக்கும் ஊர்க்கூட்ட நாளன்று, ஆலை விட்டதும் வந்து ஓட்டுப் போட்டான். அக்காவின் மேசைக்கு வந்து நின்றான். “ஏவ்,” என்று அவள் பெயரைச் சுருக்கிக் கூப்பிட்டான். அவனுக்குப் பின்னால் ஆலைக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள். அவள் அவன் பெயருக்கு நேரே சிவப்புக் குறி போட்டு, தலையைத் தூக்காமலே, “போ, போ. பின்னால ஆள் நிக்குது,” என்றாள். மிதியும் இழுவையுமாகச் சத்தம் வெளியே போயிற்று. அவன் குடிசைக்குப் போய்ச் சேரவில்லை. அந்த வருடம் பனிக்கட்டி மேலே கெட்டியாகவும் அடியில் இளகியும் இருந்தது. ஏப்ரலில் பனி உருகி ஏரி திறந்தபோது மூழ்கிப் பார்க்கிறவர்கள் வந்து இரண்டு நாள் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

அவன் என்ன சொல்ல வந்தான் என்று அவளுக்குத் தெரியாது. முகத்தையும் பார்க்கவில்லை. அந்த ஒன்றை அவளால் ஜீரணிக்க முடியவில்லை.

உடல் கிடைக்காததால் இறப்புச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லாமல் ஊர் எழுத்தர் நெட்டி ஃபிஸ்க்கால் தானாகப் பெயரைப் பட்டியலிலிருந்து அடிக்க முடியாது. வாக்காளர் பட்டியலைப் பார்த்துக்கொள்ளும் ஏழு பேர் குழு கூடி முடிவு செய்ய வேண்டும். அந்த ஏழு பேரில் நெட்டியும் ஏவிஸும் ராய்ஸும் உண்டு. நெடுநாள் கண்ணில் படாதவர்களுக்கு, இன்னும் இந்த ஊரில்தான் இருக்கிறீர்களா என்று கேட்டு நெட்டி கடிதம் போடுவாள். ஆர்லனுக்கும் போட்டாள். அக்கரையில் அவன் குடிசை முன்னால் நிற்கும் தபால்பெட்டிக்கு அது போய்ச் சேர்ந்தது. பதில் வரவில்லை. ஆனால் ஒரு மாதம் கழித்துத் திறந்து பார்த்தபோது பெட்டிக்குள் கடிதமும் இல்லை. அடுத்த வருடமும் அப்படியே. நெட்டிக்கு இதைப் பற்றிப் பேசப் பிடிக்காது.

“யாரோ எடுத்திருக்காங்கல்ல?” என்பாள் ஏவிஸ்.

“காத்து எடுத்திருக்கும்,” என்பார் ராய்ஸ். “இங்க பாரு ஏவிஸ், எனக்கும் அவன் சிநேகிதன்தான். அதுக்காகச் செத்தவன் பேரப் பட்டியல்ல வச்சுக்கிட்டு ஊரு மானத்த வாங்க முடியுமா?”

“யாரு செத்தவன்? நீ பாத்தியா?”

“சரி தாயே. இன்னும் ஒரு மார்ச். அதுக்கு மேல என்னக் கேக்காத.”

அந்த மார்ச் வந்துவிட்டது. அன்று சாயங்காலம் ஓட்டு எண்ணி முடித்ததும், குழு அங்கேயே உட்கார்ந்து ஆர்லனின் பெயரை அடிப்பதாகத் திட்டம். பெயர் பட்டியலில் இருக்கிறவரை அவன் இந்த வருடம் ஓட்டுப் போட வராதவன், அவ்வளவுதான். அடித்துவிட்டால் அவன் செத்தவன். கடைசியாக அவனிடம் “போ, போ” என்று சொன்னவள் இவள்.

பகல் முழுக்க வழக்கம் போலத்தான் போயிற்று. பள்ளிக்கூடக் கூரைக்குப் பணம் ஒதுக்கலாமா என்று காலையில் இரண்டு மணி நேரம் கத்தினார்கள். மத்தியானம் அவரைப் பருப்பும் பன்றித் தொடைக்கறியும் சாப்பிட்டார்கள். மூன்று மணிக்குத் திடீரென்று பனிச்சூறை அடித்தது. சன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. மன்றம் காலியாயிற்று. நெட்டி அறைக்குள் தொலைபேசியில் இருந்தாள். ராய்ஸ் விறகடுப்புக்குக் கட்டை எடுக்க எழுந்து போனார்.

ஏவிஸ் தலையைக் குனிந்து, அதுவரை போட்ட குறிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். பின்னால் பலகைத் தரையில் ஒரு மிதி, ஓர் இழுவை. ஒரு மிதி, ஓர் இழுவை. அவள் கை தன் வேலையைச் செய்தது. ஸ்கேல் நகர்ந்தது, பென்சில் குறி போட்டது. போட்ட பிறகுதான் எந்தப் பெயருக்கு நேரே போட்டோம் என்று கண் படித்தது. கோல்பர்ன், ஆர்லன்.

சத்தம் மேசைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது. பிடரியில் குளிர் இறங்கியது. ஏரித் தண்ணீரின் வாடை வந்தது, பனி உருகும் காலத்துப் பச்சை வாடை. தலையைத் தூக்கினால் முகம் தெரியும். மூன்று வருடமாக அவள் அதற்குத்தான் ஏங்கினாள். தூக்கவில்லை. தூக்க முடியவில்லை என்று பிற்பாடு தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள், உண்மையில் பயந்துவிட்டாள். எதிரே இருந்தது கொஞ்ச நேரம் காத்திருந்தது. பிறகு மிதியும் இழுவையுமாகக் கதவைத் தாண்டி வெளியே போயிற்று. அவள் நிமிர்ந்தபோது ஆணிகளில் மாட்டியிருந்த கோட்டுகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன.

குறியை அவள் அழிக்கவில்லை. போனவர் பட்டியலில் அழிக்கும் வழக்கம் அவளிடம் கிடையாது. அதோடு இன்னொரு நினைப்பும் வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது: இந்த வருடம் குறி விழுந்தவன் பெயரை எந்தக் குழுவாலும் அடிக்க முடியாது.

ஏழு மணிக்கு வாசலைச் சாத்திவிட்டு எண்ணினார்கள். பெட்டியில் இருநூற்று முப்பத்தொரு சீட்டு. ராய்ஸின் பட்டியலில் இருநூற்று முப்பத்தொருவர். ஏவிஸின் பட்டியலில் இருநூற்று முப்பத்திரண்டு.

“உன்னோடதுல ஒண்ணு கூட வருதே,” என்றாள் நெட்டி. இருபத்திரண்டு வருடத்தில் அவள் இப்படிச் சொன்னதில்லை.

இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ராய்ஸ் பெயர் பெயராக வாசித்தார். நெட்டி விரல் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். மூன்றாவது பக்கத்தில் விரல் நின்றது. ராய்ஸ் எட்டிப் பார்த்தார்.

“நல்ல வேலை பண்ணியிருக்க ஏவிஸ்,” என்றார். “பிரமாதம். இதுக்குப் பேரு என்ன தெரியுமா? இதுக்கு ஜெயில் உண்டு, தெரியுமா?”

“ராய்ஸ், வாய மூடு,” என்ற நெட்டி ஏவிஸின் பக்கம் திரும்பினாள். “பென்சில் வழுக்கிருச்சு, அவ்வளவுதான? உன் பேருக்குப் போடப் போயி அவன் பேருல விழுந்திருக்கும்.”

“என் பேருக்குக் காலையிலயே போட்டுட்டேன். பாரு. அதுவும் இருக்கு.”

இருந்தது. நெட்டி பட்டியலைக் கீழே வைத்தாள்.

“மூணு மணிக்கு,” என்றாள் ஏவிஸ். “சூறை அடிச்சுதே, அப்போ. அவன் நடை எனக்குத் தெரியாதா? கேட்டேன், குறிச்சேன். பொய் சொல்றதா இருந்தா ரெண்டு பட்டியல்லயும் குறிச்சிருப்பேனே, ராய்ஸ். முன்னாடி உன் மேசை காலியாத்தான கெடந்துச்சு.”

யாராவது சிரிப்பார்கள் என்று அவள் எதிர்பார்த்தாள். குழுவில் மற்ற நான்கு பேரும் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராய்ஸ் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார்.

“நான் கட்டை எடுக்கப் பின்பக்கம் போனேன்ல,” என்றார்.

“போன. அதுக்கென்ன?”

“திரும்பி வரும்போது பின்வாசல் படியில புதுப் பனி. அதுல தடம். ஒண்ணு பதிஞ்சு, ஒண்ணு இழுத்து. ஏரிப் பக்கமாப் போச்சு. யாரோ கால்ல அடிபட்டவன்னு நெனச்சேன். நெனச்சுக்கணும்னு நெனச்சேன்.” அவர் கையைத் துடைத்துக்கொண்டார். “வெளிய போன தடம் மட்டும்தான் ஏவிஸ். உள்ள வந்த தடம் இல்ல.”

அடுப்பில் கட்டை வெடித்தது.

நெட்டி பென்சிலை எடுத்தாள். “அப்ப நான் என்ன எழுதட்டும்? குறி செல்லும்னு நீ சொன்னா பேர் இருக்கும். உன் வார்த்தைய யாரும் மறுக்க மாட்டோம்.”

இப்படி ஒரு வார்த்தைக்காகத்தான் ஏவிஸ் மூன்று வருடம் சண்டை போட்டாள். ஆம் என்று சொன்னால் போதும். ஆனால் அவளுக்கு ராய்ஸின் பட்டியல் கண்ணில் பட்டது. அதில் ஆர்லனின் பெயருக்கு நேரே வெள்ளைத்தாள். அவன் முன்வாசலில் வரவில்லை. சீட்டு வாங்கவில்லை. பெட்டிப் பக்கமே போகவில்லை. அப்படியானால் அவன் எங்கிருந்து வந்து வெளியே போனான்? இத்தனை நாளும் எங்கே நின்றுகொண்டிருந்தான்? யார் அவனைப் போகவிடாமல் வைத்திருந்தது? நினைக்க நினைக்க அவளுக்குப் பயத்தைவிட அதிகமாக வெட்கமாக இருந்தது.

“ஓட்டுப் போட வரல அவன்,” என்றாள். “ஒருத்தன் கூடுதலாப் போயிருக்கான்னு எழுது. என் கணக்கு சரி. அத மாத்தாத.” பிறகு சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, குழுவில் முன்மொழிகிறவர்கள் பேசுகிற குரலில் சொன்னாள்: “ஆர்லன் கோல்பர்ன் பேரப் பட்டியல்ல இருந்து எடுக்கணும்னு முன்மொழியறேன்.”

ஆமோதிக்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றாள் நெட்டி. ஒவ்வொன்றாக ஆறு கைகள் எழுந்தன. ராய்ஸ் கையைத் தூக்கவில்லை.

“என்னய்யா, மூணு வருசமா நீதான கத்துன?” என்றாள் ஏவிஸ்.

“இன்னிக்கு மத்தியானம் நடந்து போனவன, செத்தவன்னு எப்படி எழுதச் சொல்ற?” ராய்ஸின் கண் பின்வாசலிலேயே இருந்தது. “என்னால முடியாது. எனக்குப் பயமா இருக்கு.”

“எனக்கும்தான் பயமா இருக்கு. நான் அவன் அக்கா. நான் அனுப்புறேன். நீ சும்மா இரு.”

ஆதரவு ஆறு, எதிர்ப்பு ஒன்று என்று நெட்டி எழுதிக்கொண்டாள். வழக்கப்படி கோடு போட வேண்டியவள் அவள்தான். ஆனால் பென்சிலை ஏவிஸ் வாங்கிக்கொண்டாள். விளக்கைப் பக்கத்தில் இழுத்து, வாக்காளர் பட்டியலின் மூன்றாம் பக்கத்தைத் திருப்பினாள். கோல்பர்ன் என்று அந்த ஊரில் இரண்டே பெயர்கள்தான். ஆர்லன், அடுத்த வரியில் ஏவிஸ். அவன் பெயருக்குக் கோடு நேராக விழ வேண்டுமானால் ஸ்கேலைத் தன் பெயரின் மேல் வைக்க வேண்டும். வைத்தாள். இடது கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒரே இழுப்பில் கோடு போட்டாள்.