கிட்ட வந்தால் பறந்துவிடும்

ஆரணியில் எங்கள் வீட்டுத் தோட்டத்துப் பக்கம் ஒரு கொட்டகை இருந்தது. பட்டு நூலுக்கு அப்பா அங்கேதான் சாயம் போடுவார். எழுபதுகளில், நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்த ஒரு புரட்டாசியில், சாயத்தொட்டிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு அம்மாவின் கட்டிலை அங்கே கொண்டுபோய்ப் போட்டார்கள். நெஞ்சுச் சளி, காற்றோட்டமாக இருந்தால் சரியாகிவிடும் என்றார்கள். அம்மாவுக்குத் தனித் தட்டு, தனிச் சொம்பு. அத்தை அவற்றை வெந்நீரில் போட்டுக் கழுவுவாள். அம்மாவுக்கு ராஜ உபசாரம் நடக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் வாலாட்டிக் குருவியும் வந்தது. மழைக்காலத்துக்கு வடக்கேயிருந்து வந்து, வெயில் ஏறியதும் போய்விடும் குருவி. கிணற்றடி ஈரத்தில் வாலை ஆட்டி ஆட்டி நடக்கும். நான் அம்மாவிடம் ஓடும்போதெல்லாம் அம்மா கையைக் காட்டி நிறுத்திவிடுவாள்.

"அங்கயே குந்திக்கோ கண்ணு. கிட்ட வந்தா குருவி பறந்துடும்."

துவைக்கிற கல்லில் உட்காருவேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அப்படி இருமுவாள், அதற்கெல்லாம் குருவி பறக்காது. நான் ஓர் அடி வைத்தால் மட்டும் பறந்துவிடுமாம். பெற்ற மகளைவிடக் குருவி உசத்தியாகப் போய்விட்டதே என்று ஆத்திரமாக வரும். அம்மா மடியில் ஒரு தடவை படுத்தால் போதும் என்றிருந்தது எனக்கு.

நெசவுக்கார வீட்டுப் பிள்ளைக்கு வேறென்ன தோன்றும்? தறியடியில் கிடந்த பட்டுக் கழிவைப் பொறுக்கிவந்து குருவிக்கு வீசினேன். கூடு கட்டிக்கொண்டால் பழகிவிடும், பழகினால் பயப்படாது, நான் அம்மாவிடம் போகலாம்.

"இன்னாடி, குருவிக்குப் பட்டுப் பொடவையா?" அம்மா சிரித்தாள். சிரிப்பு இருமலாகிவிட்டது. "அது இங்க கூடு கட்டாது கண்ணு. மழ முடிஞ்சா அதும் அதோட ஊரப் பாத்துகினு பூடும்."

தை மாதம் அம்மாவை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். புறப்படும்போதும் என்னைக் கட்டிக்கொள்ளவில்லை, தள்ளி நின்று கையை மட்டும் ஆட்டினாள். பிறகு ஒருநாள் அப்பா மட்டும் திரும்பி வந்தார். அம்மா செத்துப்போய்விட்டாள் என்று அத்தை அழுதாள்.

"குருவியே இன்னும் போவலியே அத்தே," என்றேன்.

அடுத்த புரட்டாசியில் குருவி மறுபடியும் வந்தது. கட்டில் இல்லை, சாயத்தொட்டிகள் பழைய இடத்துக்கு வந்திருந்தன. கல்லிலிருந்து இறங்கி மெல்ல நடந்தேன். கை எட்டும் தூரத்துக்குப் போயும் குருவி பறக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பூச்சி பொறுக்கப் போய்விட்டது.

எத்தனை நாள் அந்த மடியில் படுத்திருக்கலாம்! கட்டில் கிடந்த இடத்தில் போய் விழுந்து அழுதேன். அத்தை ஓடிவந்தாள்.

"அம்மா பொய் சொல்லிச்சி அத்தே. கிட்ட போனாகூட பறக்கல."

அத்தை என்னை வாரி எடுத்து, என் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டாள்.

"உனக்கு இருமல் கிருமல் ஒண்ணும் இல்லியே கண்ணு?"

நான் குருவியைப் பற்றிச் சொன்னால் இவள் ஏன் இருமலைப் பற்றிக் கேட்கிறாள் என்று எனக்கு இன்னும் கோபமாக வந்தது.