முதல் ஆளிலிருந்து வரிசையாக

அருள்மணி அம்மா ஞாயிற்றுக்கிழமை காலை சென்னையில் தம் தங்கை வீட்டில் காலமானார். பெரார்கஞ்ச் மருந்தகத்தின் கம்பவுண்டர் குட்டனுக்கு வந்த தந்தி இதைச் சொல்கிறது. தந்தி கொடுத்தவர் அந்தத் தங்கை. குட்டன் மறுநாள் முதல் பஸ்ஸில் போர்ட் பிளேர் வந்து, மரைன் ஹில்லில் என் வீட்டு வாசலில் நின்று அதை என்னிடம் நீட்டினார். எத்தனை மணிக்கு என்று அதில் இல்லை. ஆகவே நானும் எழுதவில்லை. என்ன நோய் என்றும் இல்லை. அது அவருக்குப் பிடித்திருக்கும்.

அவரை அறியாதவர்களுக்காகச் சில வரிகள். அவர் டாக்டர் அல்லர், நர்ஸும் அல்லர். நாகர்கோவில் பக்கத்துக்காரர், சமூகவியல் படித்தவர். காடு வெட்டிய நிலத்தில் குடியேறிய குடும்பங்கள் என்ன சாப்பிடுகின்றன, எதனால் காய்ச்சலில் விழுகின்றன, பிரசவம் யார் பார்க்கிறார்கள், எந்த நோயை வெளியே சொல்லக் கூசுகின்றன என்று வீடுவீடாகக் கேட்டு எழுத மெயின்லேண்டிலிருந்து கப்பலில் அனுப்பப்பட்டவர். பெரார்கஞ்சைத் தாண்டிய ஒரு குடியிருப்பில் வேலையைத் தொடங்கினார். தமிழர், வங்காளிகள், மலையாளிகள் கலந்த இடம். செய்தி எழுத நானும் போயிருந்தேன்.

குடியிருப்பைப் பார்த்துக்கொண்ட அதிகாரி (பெயர் வேண்டாம், ஓய்வுபெற்று நிம்மதியாக இருக்கிறார்) மக்களுக்கு வழிகாட்டத் தாமே முதலில் பதில் சொல்வதாக அறிவித்தார். எல்லோரும் பார்க்கப் பள்ளிக்கூடக் கொட்டகைக்குள் போய் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தார். நாங்கள் காது எட்டாத தூரத்தில் படாக் மரத்தடியில் நின்றோம். ஐந்து நிமிட வேலை என்று போனவர், ஜீப் டிரைவர் தூங்கி எழும்வரை பேசினார். வெளியே வந்தபோது பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் முடித்தவரின் தெளிவு அவர் முகத்தில் இருந்தது. “பயப்படாதீங்க. எல்லாரும் மனசு விட்டுச் சொல்லுங்க” என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அடுத்த வீடு சந்தியாகுவுடையது. தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து வந்த தச்சர். அம்மா எந்த வீட்டிலும் கேள்விக்கு முன் ஒரு பாடம் ஒப்பிப்பார்: நான் இன்னார், இதற்காக வந்திருக்கிறேன், நீங்கள் சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டேன், விருப்பமில்லை என்றால் மறுக்கலாம். சந்தியாகு கடைசி வாக்கியத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“மாட்டேன்னு சொல்லலாமா?”

“தாராளமா.”

“சொன்னா ரேஷன வெட்டிருவீகளா?”

“மாட்டோம்.”

“நெலத்தப் பிடுங்க மாட்டீகளே?”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல அண்ணாச்சி.”

“அப்பம் மாட்டேன்” என்று சொல்லிவிட்டு, சாப்பாடு முடித்தவர்போலச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

செய்தி வரப்பு வழியே பரவியது. அன்று மாலைக்குள் அம்மா போன வீடெல்லாம் மறுத்தது. மறுத்தவர்கள் கிணற்றடியில் அதைப் பெருமையாகச் சொன்னார்கள். போகாத வீடுகளிலிருந்து புகார் வந்தது. “எங்க வீட்டுக்கு எப்பம் வருவீக? நாங்களும் மாட்டேன்னு சொல்லணும்லா?” கப்பலில் ஏறு, இறங்கு, வரிசையில் நில், ஊசி போட்டுக்கொள் என்று மட்டுமே கேட்டுப் பழகியவர்கள் அவர்கள். சர்க்கார் ஆளிடம் மாட்டேன் என்று சொல்லும் வாய்ப்பு முதன்முறையாகக் கிடைத்திருக்கிறது, விடுவார்களா?

வேலை நடக்கவில்லை என்றால் அடுத்த கப்பலில் அவரைத் திருப்பி அழைத்துக்கொள்வார்கள். நான் கவலைப்பட்டேன். அவர் மகிழ்ச்சியாக இருந்தார். “மாட்டேன்னு சொல்லத் தெரிஞ்சவங்க சரின்னு சொன்னாத்தான் அது சரி” என்றார்.

வழி திறந்தவர் சந்தியாகுவின் மனைவி ரோசம்மாள். “நீங்க ஒண்ணு கேளுங்க, நாங்க ஒண்ணு கேக்கோம். நீங்க மறைக்காமச் சொன்னா நாங்களும் சொல்லுதோம்” என்றார். நியாயமாகத்தான் பட்டது. ஏன் கல்யாணம் ஆகவில்லை, கப்பலில் எத்தனை தடவை வாந்தி எடுத்தீர்கள், தீவுத் தண்ணீர் வயிற்றுக்கு ஒத்துக்கொண்டதா என்று வீட்டுக்கு வீடு கேட்டார்கள். அம்மா எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். தம்மைப் பற்றிய தகவலை ரகசியமாக வைக்கச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. விளைவு, பெரார்கஞ்ச் பஸ்ஸில் பின்சீட்டிலிருந்து ரோசம்மாள் கூப்பிடுவார்: “யம்மா, இன்னைக்காவது போச்சா?” பஸ் முழுக்கத் திரும்பிப் பார்க்கும். “போச்சு அக்கா, சுகமா இருக்கேன்” என்று அம்மா முன்சீட்டிலிருந்து பதில் சொல்வார்.

இப்படித்தான் கதவுகள் திறந்தன. சந்தியாகுவைத் தவிர எல்லோரும் பேசினார்கள். நானும் ஒரு நாள் உட்கார்ந்து பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லை.

அந்தப் பேச்சில் ஒருவர், தாம் இருமும்போது ரத்தம் வருவதைச் சொல்லியிருக்கிறார். ஆணா, பெண்ணா, எந்த மொழிக்காரர் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அவர் சம்மதித்த பிறகு அம்மா டாக்டரிடம் மட்டும் சொன்னார். நெஞ்சு நோய்க்கான மருந்து வரவழைக்க ஒரு தாள் போனது. அதில் ஓர் ஆளுக்கு என்று மட்டும் இருந்தது. அந்தத் தாள் அதிகாரியின் மேஜை வழியாகப் போனதுதான் வினை.

மறுநாளே ஜீப் வந்தது. நோயாளிக் குடும்பம் நிலத்துக்கு லாயக்கில்லை, அடுத்த கப்பலில் திருப்பி அனுப்பவேண்டும் என்பது அவர் கட்சி. ஊரில் இருந்ததை விற்றுவிட்டு வந்த குடும்பங்கள். திரும்பினால் நிற்க இடம் கிடையாது. கூட்டம் சேர்ந்தது. கூட்டத்தில் எங்கோ அந்த ஒருவரும் நின்றிருக்க வேண்டும். பேச்சு ஹிந்தியில் நடந்தது. அங்கே அது எல்லோருக்கும் புரியும்.

“யார் அது? பெயரைக் காட்டுங்கள்.”

“பெயர்களை நான் எழுதி வைப்பதில்லை சார். தலையில் இருக்கிறது.”

“அப்படியானால் வாயால் சொல்லுங்கள்.”

அம்மா கொஞ்சம் யோசித்தார். “எனக்கு நடுவிலிருந்து நினைவு வராது சார். யார் என்ன சொன்னார்கள் என்பதை முதல் ஆளிலிருந்து வரிசையாகச் சொன்னால்தான் வரும். தொடங்கட்டுமா?”

சந்தியாகு, தெரிந்துகொள்ளும் ஆர்வத்தில் கேட்பவர்போல, “பஹலா ஆத்மி கௌன் தா, சாப்?” என்றார். முதல் ஆள் யார் என்பது படாக் மரத்துக்கே தெரியும். அதிகாரி தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தார். “மழை வரும்போல் இருக்கிறது” என்றார். அந்தமானில் இதை எப்போது சொன்னாலும் தப்பாகாது. ஜீப் போய்விட்டது.

ஜீப் மறைந்ததும் அம்மா மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். “சொல்லியிருக்க மாட்டேன். அந்த அதிகாரியோடதையும் ஒரு எழுத்து சொல்லியிருக்க மாட்டேன். ஆனா என்னை நம்பிப் பேசின ஆளை நானே பயமுறுத்திட்டேனே” என்றார். மறுநாள் மன்னிப்புக் கேட்க அதிகாரியின் அலுவலகத்துக்கே போனார். என்ன நடந்தது என்று கேட்டேன். “டீ கொடுத்தார். நல்ல டீ” என்றார். அதற்குமேல் கிடையாது. யாரையும் கப்பல் ஏற்றவில்லை.

மருந்தை யார் வாங்குகிறார் என்று ஊர் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று, வாராவாரம் எல்லோருக்கும் ஒரே மாதிரிப் பொட்டலம் கொடுக்கக் குட்டனோடு ஏற்பாடு செய்தார். மற்றவர்களுக்குச் சத்து மாத்திரை. வரிசை சாலைவரை நின்றது. கேள்விக்குப் பதில் சொல்லாத சந்தியாகுவும் முதல் ஆளாக நின்று, “மறுத்தவனுக்கும் உண்டுல்லா?” என்று கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த ஆள் குணமாகிவிட்டார் என்று குட்டன் சொல்கிறார். யார் என்று கேட்டால் அவருக்குத் தமிழ் மறந்துபோகும்.

அம்மாவிடமும் கேட்டிருக்கிறேன். கடைசியாக அவர் கப்பல் ஏறிய நாளில், கப்பல்துறையில். “நீங்க எங்கிட்ட சொன்னதை அந்த ஆள்கிட்ட சொல்லட்டுமா?” என்றார். பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். இன்றும் பேனாவைத் திறக்கும் முன் எதிரே இருப்பவரிடம், “எழுதலாமா? வேண்டாம்னாலும் சொல்லலாம்” என்று கேட்கிறேன். அதனால் நல்ல செய்திகள் பல கைநழுவிப் போயிருக்கின்றன. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பழக்கம்தான்.

செவ்வாய் மாலை மருந்தகத்தில் கூடினோம். ஓய்வுபெற்ற அதிகாரியும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் எடுத்த படம் ஒன்றைச் சுவரில் மாட்டலாம் என்றதும் எல்லோரும் தலையசைத்தார்கள். சந்தியாகு சுத்தியலோடு வந்திருந்தார். ஆணியை அடித்துவிட்டு, படத்தைக் கையில் வாங்கியவர் நின்றார்.

“அவுககிட்ட கேட்டாச்சா?”

யாரும் கேட்டிருக்கவில்லை. இனிக் கேட்கவும் முடியாது. அடுத்த உரிமை தங்கைக்கு என்று முடிவாகி, மறுக்கலாம் என்ற வாக்கியத்தையும் சேர்த்து எழுதிய கடிதம் நேற்றைய கப்பலில் போயிருக்கிறது. கடல் ஒத்துழைத்தால் பதில் மாதக் கடைசிக் கப்பலில் வரும் என்கிறது துறைமுக அலுவலகம். அதுவரை படம் குட்டனின் மேஜை இழுப்பறையில் இருக்கும். சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது. மாட்டேன் என்று பதில் வந்தால் அதைத் தானே பிடுங்கிவிடுவதாகச் சந்தியாகு சொல்லியிருக்கிறார்.