ஏரிக்கரையில் தோளோடு தோள்

பைனாகுலர் வாங்கி என்ன செய்வீர்கள் என்று கேட்டால் எல்லாரும் பறவை பார்க்க என்பார்கள், கிரிக்கெட் பார்க்க என்பார்கள், ஊட்டிக்குப் போனால் பள்ளத்தாக்கு பார்க்க என்பார்கள். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே பைனாகுலர் என் அக்காவின் கல்யாணத்தைக் கெடுக்கத்தான் பயன்பட்டது. அதை வைத்திருந்த மனுஷர் மேல் எனக்கிருந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்று நான் ஒரு நாளும் ஜெபம் செய்ததுமில்லை.

எண்பதுகளின் கடைசியில் அயனம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்துக் காலனியில் இருந்தோம். தெருவில் பாதிக்கு மேல் எங்களைப் போல வேதக்காரக் குடும்பங்கள், கிறிஸ்தவர்கள். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஃபிட்டர். அக்கா அதே எஸ்டேட்டில் வேறொரு கம்பெனியில் டைப்பிஸ்ட். நான் காலேஜ் படித்துக்கொண்டிருந்தேன். பஸ் ரோட்டிலிருந்து காலனிக்கு வர மண்ரோடு ஒன்று உண்டு, ஆனால் சுற்று. ஏரிக்கரை மேலேயே நடந்தால் சீக்கிரம் வந்துவிடலாம். எல்லாரும் அப்படித்தான் வருவார்கள்.

அந்தக் கரை வந்து முடியும் இடத்தில்தான் பைனாகுலர்காரர் வீடு. தெருவிலேயே மொட்டை மாடி உள்ள வீடு அது ஒன்றுதான். மாடியில் நின்றால் கரை ஒரு கோடு போட்டதுபோல் நேராக அவர் கண்ணுக்கு எதிரே ஓடி, அந்தக் கோடியில் பஸ் ரோட்டில் போய் முட்டும். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், மாதா கோயில் கமிட்டியில் பெரிய ஆள். மஸ்கட்டில் இருந்த மகன் லீவில் வந்தபோது தைலம், டார்ச் லைட்டோடு ஒரு பைனாகுலரையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான். அவன் நல்லெண்ணத்தோடுதான் கொடுத்திருப்பான். பாவம், அப்பாவைப் பற்றி அவனுக்கு அவ்வளவுதான் தெரியும்.

ஏரிக்கு வரும் பறவைகளைப் பார்ப்பதாக அவர் சொல்லிக்கொள்வார். நாரைக்கும் கொக்குக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் கறி சாப்பிடக் கூடாத தவக்கால வெள்ளிக்கிழமையில் யார் வீட்டுக் கொல்லையில் கறி கழுவுகிறார்கள் என்று தெரியும். யார் குப்பையை யார் காம்பவுண்டுக்குள் போட்டார்கள், யார் வீட்டு ஆண்பிள்ளை பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே தள்ளாடினார், எல்லாம் தெரியும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று ஒவ்வொன்றாக எடுத்துவிடுவார். எங்கள் தெருப் பெண்கள் உள்பாவாடையைக் கொடியில் காயப்போடுவதையே நிறுத்தி, அறைக்குள் ஃபேனுக்குக் கீழே காயவைத்தோம். கேட்க ஆளில்லை. கமிட்டி ஆளாயிற்றே.

அந்த வருஷம் அக்காவுக்கு ஆவடியில் மாப்பிள்ளை அமைந்தது. தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது என்பதால் ஈஸ்டர் முடிந்த பிறகு தேதி வைத்தார்கள். எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை படிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், இதற்குத் தடை ஏதாவது யாருக்காவது தெரிந்தால் சாமியாரிடம் சொல்ல வேண்டும் என்று பீடத்திலிருந்து வாசிப்பார்கள். தடை என்றால் ஏற்கெனவே கல்யாணம் ஆனவரா, நெருங்கிய இரத்த சம்பந்தமா, இந்த மாதிரி விஷயங்கள். சின்னப் பிள்ளைக்குக்கூட அது தெரியும். இந்த மனுஷர் காதில் மட்டும் அது, நீ மாடியிலிருந்து பார்த்ததையெல்லாம் வந்து சொல் என்று தமக்கே அனுப்பிய அழைப்பாக விழுந்துவிட்டது.

முதல் ஓலை படித்த வாரமே சாமியாரிடம் போனார். பெண் ஏரிக்கரையில் ஓர் ஆணோடு தோளோடு தோள் உரசிக்கொண்டு நின்றதைத் தாமே பார்த்ததாகச் சொன்னார். எங்கள் சாமியார் இளம் வயது, எதற்கும் பயப்படுகிற சுபாவம். அவர் நைனாவைக் கூப்பிட்டு விசாரிப்பதற்குள் செய்தி ஆவடிக்குப் போய்விட்டது. ஓலை அங்கேயும் படிக்கிறார்களே, சொல்லிவிடுவதுதானே முறை என்று பைனாகுலர்காரரே மாப்பிள்ளை வீட்டுக்குப் பஸ் ஏறிப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம் என்று அங்கிருந்து பதில் வந்தது. அந்தக் கொஞ்ச நாளுக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் தெருவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

நைனா அவர் வீட்டு வாசலுக்கே போய்க் கேட்டார். நானும் கூடப் போனேன்.

"கண்ணால பாத்தேன்பா. கண்ணால பாத்தத பொய்ன்றியா? வெள்ள சட்ட போட்டவன். ரெண்டு பேரும் ஒட்டிகினு நின்னாங்க. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார்.

நைனா வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றவில்லை. அக்காவை எதிரில் நிற்கவைத்துக் கேட்டார்: "யாரும்மா அவன்?"

அக்கா அழவில்லை. "செருப்புல கல்லு பூந்துகிச்சி, நின்னு உதறினேன். என்கூட யாரும் இல்ல" என்றாள். நைனா மறுபடியும், "யாருன்னு மட்டும் சொல்லு" என்றார். அவள் உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். வேலைக்குப் போவதை நிறுத்தினாள். சாப்பிடு என்று அம்மா கெஞ்சினால் எழுந்து இரண்டு வாய் போட்டுக்கொண்டு மறுபடி படுத்துவிடுவாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த ஆளை நாலு பேர் நடுவில் நிற்கவைத்து நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே எனக்கு இல்லை.

சண்டை போடத்தான் ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் கடைக்குப் போயிருந்தார். அவர் மனைவி, நாங்கள் ஆன்ட்டி என்று கூப்பிடுகிறவர், வாய் திறந்து பேசிக் கேட்டதே அபூர்வம். என் முகத்தைப் பார்த்தார். மாடிப்படி ஆணியில் மாட்டியிருந்த பைனாகுலரைக் கழற்றி என் கையில் திணித்தார்.

"இத்த எடுத்துகினு போய் ஏரில போட்டுடும்மா. ஊட்ல நான் ஒருத்தி கீறேன்னே அந்த ஆளுக்குத் தெரியாது. கரைல போறவள மட்டும் நல்லா தெரியுது."

மாடியிலிருந்தே வீசிவிடலாம் என்று ஏறினேன். வீசுவதற்கு முன், அப்படி என்னதான் தெரிகிறது என்று கண்ணில் வைத்துப் பார்த்தேன். கரையில் ஓர் எருமை நின்றது. சைக்கிளில் ஒருவன் நேரே அதன்மேல் ஏறப் போனான். "ஐயோ" என்று கத்திவிட்டேன். அவன் பாட்டுக்கு மிதித்துக்கொண்டே இருந்தான். எருமை பாட்டுக்கு வாலை ஆட்டிக்கொண்டே இருந்தது. மோதவே இல்லை. பைனாகுலரை இறக்கிவிட்டு வெறும் கண்ணால் பார்த்தேன். சைக்கிளுக்கும் எருமைக்கும் நடுவே ஒரு கல்யாணப் பந்தலே போடலாம்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்தக் கண்ணாடி தூரத்தில் இருப்பதைக் கிட்டே கொண்டுவருகிறது, சரி. ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக வருகிறவர்களுக்கு நடுவே இருக்கிற இடத்தை விழுங்கிவிடுகிறது. நேர்க்கோடாக ஓடும் அந்தக் கரையில் முன்னால் ஒருவர், வெகுதூரம் பின்னால் ஒருவர் வந்தால், இந்த மாடியிலிருந்து பார்ப்பவனுக்கு இருவரும் ஒட்டிக்கொண்டுதான் தெரிவார்கள். அக்கா செருப்பை உதறியபோது அவளுக்குப் பின்னால் எங்கோ எவனோ ஒரு வெள்ளைச் சட்டைக்காரன் தூண்டில் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறான். அவ்வளவுதான் சங்கதி.

பைனாகுலரை ஆணியிலேயே மாட்டிவிட்டு, "இருக்கட்டும் ஆன்ட்டி, தேவப்படும்" என்று சொல்லிவிட்டு வந்தேன். சாமியாரிடம் ஓடிப்போய் விளக்கியிருக்கலாம். அது எனக்குப் போதாது. அந்த மனுஷர் எங்களுக்குச் செய்ததை அவருக்குச் செய்தே ஆக வேண்டும்.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் கேட்டது ஒன்றுதான்: "அந்த ஆளு தெனம் எப்ப வாக்கிங் போறாரு?"

ஈஸ்டருக்குப் பிறகு சாமியார் வீடு வீடாக வந்து தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். எங்கள் தெருவுக்கு ஒரு சாயங்காலம் வந்தார். எப்போதும் எங்கள் கோடியிலிருந்து தொடங்கி பைனாகுலர்காரர் வீட்டில் முடிப்பது பழக்கம். அதற்குள் வாக்கிங் முடித்து வந்துவிடலாம் என்று அவர் கரைக்குப் போயிருந்தார். தீர்த்தப் பாத்திரம் என் கையில் இருந்தது. பாத்திரம் போகிற பக்கம்தான் சாமியார் வருவார். நான் நேரே அந்தக் கோடிக்கு நடந்தேன். பாட்டுப் பாடிக்கொண்டு பாதித் தெருவும் பின்னால் வந்தது.

வீட்டை மந்திரித்தாயிற்று. "மாடிலயும் கொஞ்சம் தெளிச்சிடுங்க ஃபாதர்" என்றேன். எல்லாரும் ஏறினோம். நாரை வந்திருக்கிறது, பாருங்கள் என்று பைனாகுலரை நீட்டினேன். சாமியார் ஆசையாக வாங்கி ஏரியைப் பார்த்தார். அப்படியே கரைப் பக்கம் திருப்பினார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இன்னா ஃபாதர் தெரியுது?" என்று பக்கத்து வீட்டு அம்மா வாங்கிப் பார்த்தார். "ஐயையோ, நம்ம அங்கிள்! பக்கத்துல ஒட்டிகினு வர்றது... ஏய், உங்க அக்காடி!"

பைனாகுலர் கை மாறியது. பார்த்தவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தீர்த்தப் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு கல்லுப் பிள்ளையார் மாதிரி நின்றேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாருக்கும் புரிந்துவிடும். நான் சொல்லவில்லை. நன்றாக வேகட்டும் என்று விட்டுவிட்டேன். கடைசியாக ஆன்ட்டி வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"உதடு அசையுது. இன்னாத்தையோ அவ காதுல சொல்லிகினு வராரு" என்றார்.

நடக்கும்போது செபமாலை சொல்வது அவர் வழக்கம். அது ஆன்ட்டிக்குத் தெரியாமல் இருக்குமா?

அக்கா வந்து அந்த வீட்டு வாசலில் நின்றாள். தனியாக. எல்லாரும் எட்டிப் பார்த்து, அவள் பக்கத்தில் இருந்தவரைத் தேடினார்கள். அவர் இன்னும் பாதிக் கரையில் இருக்கும் மதகைக்கூடத் தாண்டவில்லை. "ஃபாதர், இப்ப வெறும் கண்ணால பாருங்க" என்றேன். சாமியார் பார்த்தார். பைனாகுலரை வைத்து ஒரு தடவை, எடுத்துவிட்டு ஒரு தடவை, மாற்றி மாற்றிப் பார்த்தார். அவர் காது சிவந்துபோனது.

மனுஷர் கையில் செபமாலையோடு வந்து சேர்ந்தார். தன் மாடியில் தெருவே நிற்பதையும், தன் பைனாகுலர் தன் மனைவி கையில் இருப்பதையும் அண்ணாந்து பார்த்தார்.

"அந்தப் பொண்ணு காதுல இன்னா சொல்லிகினு வந்தீங்க?" என்று ஆன்ட்டி மேலிருந்து கேட்டார். அந்தக் குரல் தெருக்கோடிவரை கேட்டிருக்கும்.

"எந்தப் பொண்ணு? நான் ஜெபம் பண்ணிகினு வந்தேன். சத்தியமா ஜெபம்தான்!"

"கண்ணால பாத்தோம் அங்கிள். கண்ணால பாத்தத பொய்ன்றீங்களா?" என்றேன் நான்.

அவர் சாமியாரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், செபமாலையைத் தூக்கிக் காட்டினார், அழுகிற நிலைக்கு வந்துவிட்டார். யாரோ சிரித்தார்கள். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். அந்த முகத்தை நான் ஆசை தீரப் பார்த்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் பார்த்ததில்லை. அந்த வாரமே அவர் கமிட்டியிலிருந்து விலகினார். பைனாகுலரை ஆன்ட்டி என்ன செய்தார் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

சாமியார் தாமே ஆவடிக்குப் போய்ப் பேசினார். மாப்பிள்ளையும் அவர் அம்மாவும் பழத்தட்டோடு வந்தார்கள். தப்பாக நினைத்துவிட்டோம், மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றார்கள். அக்கா அவர்களுக்குக் காபி கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு மாப்பிள்ளையின் அம்மாவிடம் மரியாதையாகவே, இந்தக் கல்யாணம் எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவர்கள் காபியைக் குடிக்காமல் எழுந்து போனார்கள்.

நைனா குதித்தார். "பைத்தியமா உனக்கு? எல்லாம் சரியாப் போச்சே! தப்பு பண்ண ஆளு தல குனிஞ்சிகினு திரியறான். இன்னும் இன்னா வேணும்?"

அக்கா தம்ளர்களை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"அவரு தூரத்துல இருந்து கண்ணாடி வெச்சிப் பாத்தாரு நைனா. அவருக்குத் தப்பாத் தெரிஞ்சிது. நீ நான் பொறந்ததுல இருந்து என்னக் கிட்டவே பாத்துகினு கீற. உனக்கு எப்பிடி தப்பாத் தெரிஞ்சிது?"

நைனா பழத்தட்டுக்குப் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பழி வாங்கியாயிற்று என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்த நான், அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டேன்.